மண்ணுக்குள்ளே ஒரு தொழிற்சாலை!

(நைட்ரஸ் ஆக்சைடு மண்ணில் எப்படி உண்டாகிறது? அதை எப்படி அளக்கிறார்கள்?)

– இறுதியாண்டு மாணவர், கெமிக்கல் பிரிவு



‘சிரிப்பு வாயு’ என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பல் டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், ஏதாவது ஒரு நகைச்சுவைக் காட்சி. நம்ம காலடியில் இருக்கும் மண்ணும் அதே வாயுவை இராப்பகலாகத் தயார் செய்துகொண்டே இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். கொதிகலன் கிடையாது, கம்ப்ரஸர் கிடையாது, கரண்ட் பில்லும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் அங்கே தொழிலாளிகள். மூலப்பொருள், நாம் வயலில் போடும் யூரியாவும் எருவும்.

‘அது நமக்கு எதுக்குப்பா? அக்ரி காலேஜ் பசங்க படிக்கட்டுமே!’ என்று சிலர் கேட்கலாம். மண்ணிலிருந்து வரும் வாயுவைப் பிடிப்பது, கருவியில் கொடுத்து அளப்பது, ரீடிங் எடுத்துக் கணக்குப் போடுவது, லேசர் கருவியைப் பராமரிப்பது, இதெல்லாம் டிப்ளமோ படித்த கைகள் செய்கிற வேலை. கெமிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன், எலக்ட்ரானிக்ஸ், சிவில் என எல்லாப் பிரிவு நண்பர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஏன் இந்த வாயுவைக் கண்டு கவலைப்பட வேண்டும்?

நைட்ரஸ் ஆக்சைடு என்பது இரண்டு நைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த மூலக்கூறு. மூலக்கூறு எடை 44. கார்பன் டை ஆக்சைடுக்கும் அதே 44தான்! எடை ஒன்றாக இருந்தாலும் குணம் வேறு. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு பூமியைச் சூடாக்குவதில் 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஒரு தடவை காற்றில் கலந்துவிட்டால் நூறு வருஷத்துக்கும் மேல் தங்கிவிடும். நாம் இன்று விடுவது நம்ம பேரப்பிள்ளைகள் காலத்திலும் இருக்கும்.

தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் இதன் அளவு சுமார் 270 பி.பி.பி. (பி.பி.பி. என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு.) 2023ல் அது சுமார் 337 பி.பி.பி. ஆகிவிட்டது. மனிதர்களின் செயல்களால் வெளிவரும் நைட்ரஸ் ஆக்சைடில் ஏறக்குறைய முக்கால் பங்கு விவசாயத்திலிருந்து வருகிறது. அதிகம் வெளியிடும் நாடுகளின் வரிசையில் சீனாவும் இந்தியாவும் அமெரிக்காவும் முன்னணியில் நிற்கின்றன.

இன்னொரு தொல்லையும் உண்டு. இந்த வாயு கீழ் வளிமண்டலத்தில் எதனோடும் வினைபுரியாமல் மெதுவாக மேலே ஏறிவிடும். மேலே போனதும் அதில் ஒரு பகுதி நைட்ரிக் ஆக்சைடாக மாறி ஓசோனை அழிக்கும். மண்ணிலிருந்து வரும் நைட்ரஸ் ஆக்சைடுக்கும் ஓசோனுக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு என்பதை பால் க்ருட்சன் 1970ல் எடுத்துச் சொன்னார். ஓசோன் ஆராய்ச்சிக்காக அவருக்கும் மோலினா, ரோலண்ட் ஆகியோருக்கும் 1995ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. குளிர்சாதனப் பெட்டியில் பயன்பட்ட குளோரோ ஃபுளோரோ கார்பன்களுக்கு உலக நாடுகள் கடிவாளம் போட்ட பிறகு, இன்று வெளியிடப்படும் ஓசோன் அழிப்பான்களில் முதலிடம் நைட்ரஸ் ஆக்சைடுக்குத்தான் என்று ரவிசங்கராவும் அவருடைய சகாக்களும் 2009ல் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

கொஞ்சம் சரித்திரம்

இந்த வாயுவை முதலில் தயாரித்தவர் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி, 1772ல். அடுத்து ஹம்ஃப்ரி டேவி அதைத் தாமே முகர்ந்து பார்த்து ஆராய்ந்து, 1800ல் ஒரு தடிமனான புத்தகமே எழுதினார். 1844ல் அமெரிக்காவில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் வலி தெரியாமல் பல் பிடுங்க அதைப் பயன்படுத்தினார்.

காற்றில் இந்த வாயு இயற்கையாகவே இருக்கிறது என்பது வெகுகாலம் யாருக்கும் தெரியாது. ஆர்தர் அடெல் என்பவர் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் லோவெல் வானாய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர். சூரிய ஒளியின் அகச்சிவப்பு நிறமாலையை 1930களின் கடைசியில் ஆராய்ந்தபோது, அதில் நைட்ரஸ் ஆக்சைடின் தடத்தைக் கண்டுபிடித்தார். இது எங்கிருந்து வருகிறது என்று யோசித்தவர், மண்தான் காரணமாக இருக்கலாம் என்று 1946லேயே எழுதினார். வானத்தைப் பார்க்கப் போனவர் மண்ணைக் காட்டிக் கொடுத்தார்!

மண்ணுக்குள் நடக்கும் வேலையைக் கண்டுபிடித்த கதை இதைவிடப் பழையது. 1877ல் பிரான்சில் ஷ்லேசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் மணலும் சுண்ணாம்பும் நிரப்பிய குழாய் வழியாகச் சாக்கடை நீரை மெதுவாக ஓடவிட்டார்கள். சில வாரங்களில் அந்த நீரில் இருந்த அம்மோனியா நைட்ரேட்டாக மாறி வெளியே வந்தது. குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள். மாற்றம் நின்றுவிட்டது. குளோரோஃபார்மால் மயங்குவது உயிருள்ள பொருள்தானே! ஆக, வேலை செய்தது நுண்ணுயிர்களே என்பது நிரூபணமானது. எவ்வளவு எளிமையான சோதனை பாருங்கள்! நம்ம லேபிலேயே செய்யலாம் போல இருக்கிறது. 1880களில் அதே பிரான்சில் கேயோன், டுபெட்டி இருவரும் இதற்கு எதிர்த்திசை வேலையை, அதாவது நைட்ரேட்டை வாயுவாக்கும் பாக்டீரியாக்களை ஆராய்ந்தார்கள்.

தொழிற்சாலையின் இரண்டு பிரிவுகள்

நம்ம மண் தொழிற்சாலையில் இரண்டு டிபார்ட்மென்ட் உண்டு.

முதல் பிரிவு: நைட்ரேட் ஆக்கம். வயலில் யூரியா போட்டதும் மண்ணில் உள்ள யூரியேஸ் நொதி அதை அம்மோனியமாக உடைக்கும். பிறகு ‘நைட்ரோசோமோனாஸ்’ போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை ஹைட்ராக்சில் அமீனாகவும் பின்பு நைட்ரைட்டாகவும் மாற்றும். அடுத்த கோஷ்டி நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இவர்களுக்கு ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும். இந்த வேலையின் நடுவே கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடு ‘கழிவாக’ வெளியே கசியும். பாக்டீரியா மட்டுமல்ல, ‘ஆர்க்கியா’ என்ற இன்னொரு நுண்ணுயிர்க் குலமும் அம்மோனியாவை ஆக்சிஜனேற்றம் செய்யும் என்பது 2005ல்தான் ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டப்பட்டது.

இரண்டாம் பிரிவு: நைட்ரேட் நீக்கம். மழை பெய்து மண் நனைந்தால் மண் துளைகளில் காற்று குறையும். சுவாசிக்க ஆக்சிஜன் கிடைக்காத பாக்டீரியாக்கள் என்ன செய்யும்? நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். ஆக்சிஜன் தீர்ந்தாலும் மூச்சு நிற்காது, வேறு சிலிண்டருக்கு மாறிக்கொள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்படியாக நடக்கும் அந்த வேலை இதுதான்:

நைட்ரேட் → நைட்ரைட் → நைட்ரிக் ஆக்சைடு → நைட்ரஸ் ஆக்சைடு → நைட்ரஜன் வாயு

ஒவ்வொரு அம்புக்குறிக்கும் தனித்தனி நொதி உண்டு. கடைசி அம்புக்குறியைக் கவனியுங்கள். அது முழுசாக நடந்தால் வெளிவருவது சாதாரண நைட்ரஜன். காற்றில் 78 சதவீதம் இருப்பதும் அதுதான். அதனால் ஒரு கெடுதலும் இல்லை. அந்தக் கடைசிப் படி தடைப்பட்டால்தான் நைட்ரஸ் ஆக்சைடு வெளியே தப்பிக்கும். கடைசிப் படியைச் செய்யும் நொதியில் தாமிரம் இருக்கிறது. அது கொஞ்சம் தொட்டாற்சிணுங்கி! ஆக்சிஜன் பட்டால் வேலை செய்யாது. மண் அமிலத்தன்மையாக இருந்தால் அந்த நொதி சரியாக உருவாகவே செய்யாது. பூஞ்சைகளுக்கோ இந்த நொதியே கிடையாது. அவை நைட்ரஸ் ஆக்சைடோடு கடையைக் கட்டிவிடும்.

ஓட்டைக் குழாய் பாடம்

1989ல் ஃபயர்ஸ்டோன், டேவிட்சன் என்ற இரு விஞ்ஞானிகள் இதை அருமையான ஓர் உவமையால் விளக்கினார்கள். நைட்ரஜன் ஒரு குழாயில் ஓடும் தண்ணீர் மாதிரி. குழாயில் ஓட்டைகள் இருக்கின்றன. எவ்வளவு ஒழுகும் என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது.

1. குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது? (மண்ணில் எவ்வளவு நைட்ரஜன் புழங்குகிறது?)
2. ஓட்டை எவ்வளவு பெரிசு? (மண்ணின் ஈரம், காற்றோட்டம், அமிலத்தன்மை எப்படி?)

ஈரத்தை அளக்க ஒரு நல்ல அளவுகோல் உண்டு: மண் துளைகளில் எத்தனை சதவீதம் தண்ணீர் நிரம்பியிருக்கிறது என்பது. பொதுவாக 60 சதவீதம் வரை முதல் பிரிவுக்குக் கொண்டாட்டம். அதைத் தாண்டினால் இரண்டாம் பிரிவு ஷிஃப்டுக்கு வரும். 70, 80 சதவீத அளவில் நைட்ரஸ் ஆக்சைடு உச்சத்துக்குப் போகும். இன்னும் நிரம்பி முழுக்கத் தண்ணீரானால், வாயு வெளியே வர வழியின்றி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதற்குள் கடைசிப் படியும் முடிந்து நைட்ரஜனாகிவிடும்.

நம்ம ஊர் நெல் வயலுக்கும் இதே பாடம் பொருந்தும். தொடர்ந்து தண்ணீர் நிற்கும் வயலில் நைட்ரஸ் ஆக்சைடு குறைவு, ஆனால் மீத்தேன் அதிகம். தண்ணீரை வடித்து, காயவிட்டு, மறுபடி பாய்ச்சினால் மீத்தேன் குறையும், நைட்ரஸ் ஆக்சைடு கூடும். ஒன்றைக் குறைக்கப் போய் இன்னொன்றைக் கூட்டிவிடாமல் இருக்க, இரண்டையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

அளப்பது எப்படி?

இனி நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். உலகம் முழுக்க அதிகமாகப் பயன்படும் முறை ‘மூடிய சேம்பர்’ முறை. பார்க்கப் போனால் கவிழ்த்து வைத்த பக்கெட்தான்! செய்முறை இதோ:

1. ஒரு வளையத்தை மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் இறக்கி வைக்க வேண்டும். மண்ணைக் கலைத்த உடனே அளந்தால் கணக்கு தப்பாகும். ஆகவே முன்கூட்டியே பதித்துவிட வேண்டும்.

2. அளக்கும் நேரத்தில் மேலே மூடியைப் போட்டு, காற்றுக் கசியாமல் இறுக்க வேண்டும். வெயிலில் உள்ளே சூடாகாமல் இருக்க மூடிக்கு வெப்பக்காப்பு வேண்டும். உள்ளே அழுத்தம் மாறாமல் இருக்க மெல்லிய குழாய் ஒன்றும் வைப்பார்கள்.

3. மூடியில் உள்ள ரப்பர் அடைப்பு வழியாக, மூடிய உடனேயும் பின்பு குறிப்பிட்ட நிமிட இடைவெளிகளிலும் சிரிஞ்சால் காற்றை எடுத்து, வெற்றிடமாக்கிய சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடைக்க வேண்டும்.

4. குப்பிகளை லேபுக்குக் கொண்டுபோய் கேஸ் குரோமட்டோகிராஃபியில் கொடுக்க வேண்டும். அதிலுள்ள எலக்ட்ரான் கவர் உணரி, நைட்ரஸ் ஆக்சைடின் மிகச் சிறிய அளவையும் காட்டிக்கொடுக்கும். உள்ளே நிக்கல்-63 என்ற கதிரியக்கப் பொருள் எலக்ட்ரான்களைத் தந்துகொண்டிருக்கும். நைட்ரஸ் ஆக்சைடு வந்தால் கரண்ட் மாறும். இந்த வகை உணரியை 1957ல் உருவாக்கியவர் ஜேம்ஸ் லவ்லாக்.

5. அளவு தெரிந்த திட்ட வாயுவை இடையிடையே கொடுத்து, கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போமா?

(எண்கள் பயிற்சிக்காக எடுத்துக்கொண்டவை.)

சேம்பரின் உயரம் 15 செ.மீ. வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸ். ரீடிங்குகள்:

0 நிமிடம் – 340 பி.பி.பி.
20 நிமிடம் – 420 பி.பி.பி.
40 நிமிடம் – 500 பி.பி.பி.
60 நிமிடம் – 580 பி.பி.பி.

தீர்வு: வரைபடத் தாளில் புள்ளி வைத்தால் நேர்கோடு வருகிறது. சரிவு மணிக்கு 240 பி.பி.பி.

உயரம் 0.15 மீட்டர் என்பதால், ஒரு சதுர மீட்டர் மண்ணுக்கு மேலே 0.15 கன மீட்டர், அதாவது 150 லிட்டர் காற்று இருக்கிறது. அதில் மணிக்குக் கூடும் நைட்ரஸ் ஆக்சைடு:

150 × 240 ÷ 100,00,00,000 = 0.000036 லிட்டர்

25 டிகிரியில் ஒரு மோல் வாயுவின் கனஅளவு 24.45 லிட்டர். ஒரு மோல் நைட்ரஸ் ஆக்சைடில் 28 கிராம் நைட்ரஜன் இருக்கிறது. ஆகவே:

0.000036 ÷ 24.45 × 28 = சுமார் 0.000041 கிராம், அதாவது 41 மைக்ரோகிராம் நைட்ரஜன் (ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மணிக்கு).

ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். ஒரு நாள் 24 மணி. பெருக்கினால் ஹெக்டேருக்கு ஒரு நாளைக்கு சுமார் 10 கிராம் நைட்ரஜன்.

அவ்வளவுதான்! வாயு விதியும் மோல் கணக்கும் முதலாண்டிலேயே படித்ததுதானே? ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘நாளைக்கு 10 கிராம் என்றால் வருஷத்துக்கு 365 மடங்கு, 3.65 கிலோ’ என்று பெருக்கிவிடக் கூடாது. ஏன் என்று அடுத்து பார்ப்போம்.

இடத்துக்கு இடம், நாளுக்கு நாள்

மண் தொழிற்சாலை ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. உரம் போட்டு மழை பெய்த சில நாட்களில் உற்பத்தி பல மடங்கு எகிறும். பிறகு வாரக்கணக்கில் படுத்துவிடும். அந்தச் சில நாட்களைத் தவறவிட்டால் வருஷக் கணக்கே தப்பு. குளிர் நாடுகளில் உறைந்த மண் வசந்தத்தில் உருகும்போதும் இதே மாதிரி ஒரு பாய்ச்சல் வரும். கனடாவில் பல ஆண்டுகள் எடுத்த அளவீடுகளை வைத்து 2017ல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்த உருகும் காலத்தைச் சேர்க்காவிட்டால் உலக விளைநிலங்களின் கணக்கு 17 முதல் 28 சதவீதம் குறைந்துபோகும் என்று சொன்னது. குளிருக்குப் பயந்து வயலுக்குப் போகாமல் இருந்தால் கணக்கில் இவ்வளவு துண்டு விழும்!

இடத்தின் கதை இன்னும் வேடிக்கை. ஒரே வயலில் ஒரு மீட்டர் தள்ளிவைத்த இரண்டு சேம்பர்கள் முற்றிலும் வேறு எண்களைக் காட்டும். 1987ல் பார்கின் என்பவர் மண் மாதிரி ஒன்றைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தேடிக்கொண்டே போனார். அந்த மாதிரியில் நடந்த நைட்ரேட் நீக்கத்தில் சுமார் 85 சதவீதம், கீரை இனத்தைச் சேர்ந்த ஒரு களைச்செடியின் மக்கிய இலைத் துண்டு ஒன்றிலிருந்தே வந்தது! எடையில் அது மண்ணின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆகவேதான் தானியங்கி சேம்பர்கள் வந்தன. இவை மோட்டாரால் தானே மூடித் திறந்து, நாளுக்குப் பல முறை ரீடிங் எடுக்கும். வயலின் நடுவே கோபுரம் நட்டு, காற்றின் மேல்கீழ் அசைவை நொடிக்குப் பத்து முறை அளந்து, கூடவே லேசரால் வாயுவின் அளவையும் பார்த்து முழு வயலுக்கும் கணக்குச் சொல்லும் முறையும் உண்டு. விலை அதிகம், பராமரிப்பும் அதிகம். பக்கெட் முறை இன்னும் சாகாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

எந்தப் பிரிவு செய்த வேலை?

வெளியே வந்த வாயு முதல் பிரிவிலிருந்தா, இரண்டாம் பிரிவிலிருந்தா? இதைத் துப்பறிய மூன்று வழிகள்:

ஒன்று, அசிட்டிலீன். நம்ம வெல்டிங் ஷாப்பில் இருக்கும் அதே வாயு! இது கடைசிப் படி நொதியை முடக்கிவிடும் என்பது 1976ல் தெரியவந்தது. அசிட்டிலீன் கொடுத்த மண்ணையும் கொடுக்காத மண்ணையும் ஒப்பிட்டால், எவ்வளவு நைட்ரஜனாக மாறியிருக்கும் என்று தெரியும். குறை என்னவென்றால் அசிட்டிலீன் முதல் பிரிவையும் சேர்த்து நிறுத்திவிடும். அதனால் நைட்ரேட் வரத்தே குறைந்து கணக்கு கீழே போகும்.

இரண்டு, நைட்ரஜன்-15. இயற்கை நைட்ரஜனில் இந்தக் கனமான ஐசோடோப் 0.37 சதவீதம்தான். இதைச் செறிவாக்கி உரத்தில் கலந்து போட்டால், அடையாளம் போட்ட ரூபாய் நோட்டு மாதிரி எங்கெங்கே போகிறது என்று பின்தொடரலாம்.

மூன்று, மூலக்கூறுக்குள்ளேயே தேடுவது. நைட்ரஸ் ஆக்சைடில் ஒரு நைட்ரஜன் நடுவிலும் இன்னொன்று ஓரத்திலும் இருக்கும். கனமான நைட்ரஜன் நடுவில் அதிகமா, ஓரத்தில் அதிகமா என்பதை அளக்கும் வழியை 1999ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் டொயோடா, யோஷிடா வெளியிட்டார்கள். முதல் பிரிவு வாயுவில் நடுவுக்கும் ஓரத்துக்கும் வித்தியாசம் ஆயிரத்துக்குச் சுமார் 33. பாக்டீரியாவின் நைட்ரேட் நீக்கத்தில் அது ஏறக்குறைய பூஜ்யம். பூஞ்சைகள் இதிலும் குழப்பம் செய்யும், அவற்றின் கைரேகை முதல் பிரிவின் ரேகையைப் போலவே இருக்கும். ஆகவே ஒரே ஒரு சோதனையை வைத்துத் தீர்ப்பு எழுதுவதில்லை.

மிச்சிகன் வயல் சொன்ன பாடம்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கெல்லாக் உயிரியல் நிலையம் இருக்கிறது. காலை உணவு கார்ன்ஃபிளேக்ஸ் புகழ் கெல்லாக்கின் பெயர்தான். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் நடத்தும் இந்த நிலையத்தில் 1988 முதல் நீண்டகால விவசாய ஆராய்ச்சி நடக்கிறது. மக்காச்சோளம், சோயா, கோதுமை மாற்றி மாற்றிப் பயிராகும் வயல்களில் மூடிய சேம்பர்களை வைத்து வருஷக்கணக்கில் அளந்தார்கள்.

2000ல் ராபர்ட்சனும் சகாக்களும் வெளியிட்ட முடிவு எல்லோரையும் யோசிக்க வைத்தது. உழவு, உரத் தயாரிப்பு, சுண்ணாம்பு, டீசல், மண் வாயு என எல்லாவற்றையும் கார்பன் டை ஆக்சைடு கணக்குக்கு மாற்றினார்கள். வழக்கமான சாகுபடியில் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு மொத்தம் 114 கிராம். அதில் நைட்ரஸ் ஆக்சைடு மட்டும் 52! டிராக்டர் டீசல் வெறும் 16தான்.

அதைவிட ஆச்சரியம் ஒன்று. ரசாயன உரமே போடாமல், பயறு வகை மூடுபயிரை நம்பிய இயற்கை வயலில் நைட்ரஸ் ஆக்சைடு எவ்வளவு? 56. ஏறக்குறைய சமம்! ‘இயற்கை உரம் என்றால் பிரச்சினையே இல்லை’ என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாக்டீரியாவுக்கு யூரியா நைட்ரஜன், பயறு நைட்ரஜன் என்ற ஜாதி வித்தியாசம் தெரியாது. பயிர் எடுக்காமல் மிச்சம் விட்ட நைட்ரஜன் எங்கே இருந்தாலும் அது கைவைக்கும். ஆண்டு முழுக்க வேர் விட்டு நைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும் பாப்லர் மரத்தோட்டத்தில் அளவு வெறும் 10தான். (இயற்கை வயலின் மொத்தக் கணக்கு 41. மண்ணில் கார்பன் சேர்ந்ததும் உரம் வாங்காததும் அதற்குக் காரணம். ஆகவே அதை மட்டம் தட்டவும் முடியாது.)

அடுத்த பாடம் 2005ல் வந்தது. மெக்ஸ்வீனி, ராபர்ட்சன் இருவரும் மக்காச்சோளத்துக்கு ஒன்பது வெவ்வேறு அளவுகளில் நைட்ரஜன் போட்டுப் பார்த்தார்கள். ஹெக்டேருக்குச் சுமார் 100 கிலோ வரை மகசூல் ஏறியது. நைட்ரஸ் ஆக்சைடு நாளைக்கு 20 கிராம் நைட்ரஜன் என்ற அளவுக்குள் இருந்தது. அதற்கு மேல் போட்டபோது மகசூல் ஏறவே இல்லை. நைட்ரஸ் ஆக்சைடு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் எகிறி 50 கிராமைத் தாண்டியது. பயிரின் வயிறு நிறைந்த பிறகு போடும் உரம் யாருக்குச் சாப்பாடு? பாக்டீரியாவுக்குத்தான்! விவசாயியின் பணமும் போச்சு, காற்றும் கெட்டது.

2017ல் அதே பல்கலைக்கழகத்தின் கிராவ்சென்கோவும் சகாக்களும் எக்ஸ்-ரே ஸ்கேன் மூலம் மண் துளைகளைப் படம் பிடித்துப் பழைய இலைப் புதிருக்கு விடை சொன்னார்கள். மண்ணில் கிடக்கும் இலைத் துண்டு ஸ்பாஞ்சு மாதிரி சுற்றியுள்ள தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. சுற்றிலும் மண் காய்ந்திருந்தாலும் இலைக்குள் ஈரமும் உணவும் இருக்கிறது, ஆக்சிஜன் இல்லை. இரண்டாம் பிரிவுக்கு ஏற்ற அறை! பக்கத்தில் பெரிய துளைகள் இருந்தால் உண்டான வாயு சுலபமாக வெளியே ஓடிவிடுகிறது.

நம்ம ஊர் யூரியா மூட்டை

இனி நம்ம ஊர்க் கணக்கு. யூரியா மூட்டை இப்போது 45 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். ஆகவே ஒரு மூட்டையில் 20.7 கிலோ நைட்ரஜன். போட்ட நைட்ரஜனில் ஒரு சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது என்பது சர்வதேசக் காலநிலைக் குழுவின் பொதுவான கணக்கு. (ஈரமான பகுதிகளுக்கு 1.6, வறண்ட பகுதிகளுக்கு 0.5 என்று 2019ல் பிரித்தார்கள். தண்ணீர் கட்டும் நெல்லுக்கு இன்னும் குறைவு.)

20.7 × 1/100 = 0.207 கிலோ நைட்ரஜன்
0.207 × 44/28 = 0.325 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு
0.325 × 273 = சுமார் 89 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அப்போ, மேட்டு நிலத்தில் போடும் ஒரு மூட்டை யூரியா சுமார் 39 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம்! பைக்கில் எத்தனை தடவை டேங்க் நிரப்பலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்காக யூரியாவே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முடியாது. செயற்கை நைட்ரஜன் உரம் இல்லாவிட்டால் உலகத்தில் பெரும் பகுதி மக்களுக்குச் சோறு கிடையாது. ஆகவே ‘போடாதே’ என்பதைவிட ‘மிச்சம் வைக்காதே’ என்பதுதான் சரியான பாடம். பயிர் கேட்கும் நேரத்தில், கேட்கும் அளவில், பிரித்துப் பிரித்துப் போடுவது ஒரு வழி. நெல்லுக்கு இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்துப் போடுவது இதைச் சார்ந்ததுதான். முதல் பிரிவின் வேகத்தைக் குறைக்கும் மருந்துகளும் உண்டு. வேப்பெண்ணெய் பூச்சு அந்த வேலையைத்தான் செய்கிறது. இந்தியாவில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேம்புப் பூச்சு வேண்டும் என்று மத்திய அரசு 2015ல் கட்டாயமாக்கியது. மருந்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். நியூசிலாந்தில் மேய்ச்சல் நிலத்துக்குத் தெளித்த இப்படிப்பட்ட ஒரு மருந்தின் எச்சம் பாலில் தென்பட்டதால், 2013ல் அதன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள்.

நினைவில் நிறுத்த வேண்டியவை

* நைட்ரஸ் ஆக்சைடு மண்ணில் இரண்டு வழிகளில் உண்டாகிறது: காற்று இருக்கும்போது நைட்ரேட் ஆக்கம், காற்று இல்லாதபோது நைட்ரேட் நீக்கம்.
* கடைசிப் படி முழுசாக முடிந்தால் கெடுதல் இல்லாத நைட்ரஜன். தடைப்பட்டால் நைட்ரஸ் ஆக்சைடு.
* உரம், மழை, பனி உருகல் ஆகியவற்றை ஒட்டிய நாட்களில் அளக்காவிட்டால் ஆண்டுக் கணக்கு நிற்காது.
* பயிர் எடுத்ததுபோக மிஞ்சும் நைட்ரஜனே முக்கியக் காரணம், அது மூட்டையில் வந்தாலும் சரி, தழையில் வந்தாலும் சரி.

நண்பர்களே! இந்த ஆராய்ச்சியில் பேராசிரியர்கள் பெயர்தான் வெளியே தெரியும். ஆனால் உச்சி வெயிலிலும் கொட்டும் மழையிலும் வயலில் உட்கார்ந்து, ஸ்டாப் வாட்சைப் பார்த்து, சரியான நிமிடத்தில் சிரிஞ்சை இழுக்கிற டெக்னீஷியன் இல்லாவிட்டால் ஒரு புள்ளிகூட வரைபடத்தில் ஏறாது. மூடி சரியாக இறுகாவிட்டால், குப்பியில் நம்பர் மாறிவிட்டால், திட்ட வாயு கொடுக்காமல் ரீடிங் எடுத்துவிட்டால், அந்தத் தப்பான எண் பிறகு ஒரு நாட்டின் கணக்கிலேயே ஏறி உட்காரும். அதை நம்பி ஒரு விவசாயிக்கு உர அளவு சொல்வார்கள்.

ஆகவே லேபில் அப்சர்வேஷன் நோட்டு எழுதும்போது பக்கத்து நண்பரின் ரீடிங்கைப் பார்த்து எழுதாதீர்கள். உங்கள் கருவி என்ன காட்டுகிறதோ அதையே எழுதுங்கள். நாளைக்கு வேலையில் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.